விரலுக்கு விலை உண்டு, தலைக்கு இல்லை

புனேயிலிருந்து நகர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. போனால் ரஞ்சன்காவ். மகாகணபதியைத் தரிசிக்க வரும் பக்தர்களின் பஸ்களும் தொழிற்பேட்டைக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் ஊர். அங்கே ஏதாவது ஓர் ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளியின் கட்டைவிரல் போய்விட்டால், அதன் மதிப்பு என்ன என்று யாரும் பேரம் பேச வேண்டியதில்லை. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அட்டவணையைக் கைவிடவில்லை. பணம் கைக்கு வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும் என்பது வேறு கதை.

அதே தொழிலாளியின் மகன் பணத்துக்காகக் குத்துச்சண்டை போடப் போனால்? அட்டவணை அவனுக்கு உதவாது. தொழில்முறை வீரர் யாருடைய ஊழியரும் அல்ல. போட்டி நடத்தும் புரமோட்டருடன் ஒப்பந்தம். இத்தனை சுற்றுக்கு இத்தனை ரூபாய். மணி அடித்து முடிந்தால் உறவும் முடிந்தது. இதே புனேயில், முந்த்வாவில் 2001-ல் தொடங்கப்பட்ட ராணுவ விளையாட்டு நிறுவனத்தில் பயிலும் சிப்பாய்க்குச் சம்பளம், ராணுவ மருத்துவமனை, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. குத்து என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்.

அந்தக் குத்து செய்வது இரண்டு விதமான கேடு. ஒன்று உடனடியாகக் கொல்லும். தலை திடீரென்று திரும்பும்போது மூளையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து, மண்டையோட்டுக்குள் ரத்தம் தேங்கி மூளையை நெருக்குகிறது. அப்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. மற்றது நிதானமானது. சிறுசிறு அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்து நாக்குக் குழறும், கை நடுங்கும், நினைவு தப்பும். அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே இதை எழுதிவிட்டார்.

முதல் வகைக் கேட்டை எப்படிச் சமாளிக்கக் கூடாது என்பதற்கு மைக்கேல் வாட்சன் சாட்சி. 1991 செப்டம்பர் 21. லண்டனில் கிறிஸ் யூபாங்க்குடன் மோதிய வாட்சன் பன்னிரண்டாவது சுற்றில் சுருண்டார். மருத்துவர் அவரிடம் வரவே சுமார் ஏழு நிமிடம் ஆனது. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 40 நாள் கோமா. ஆறு அறுவை சிகிச்சைகள். உயிர் பிழைத்தார், சக்கர நாற்காலியில்.

அவர் எதிராளியின் மீது வழக்குப் போடவில்லை. போட்டிக்கு அனுமதி தந்த பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது போட்டார். விதிகளை வகுப்பவர்கள்தான் ரிங்கின் அருகே என்ன சிகிச்சை இருக்க வேண்டும் என்பதற்கும் பொறுப்பு என்று 1999-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆமோதித்தது. அடி வாங்கச் சம்மதித்தவன் அலட்சியத்துக்கும் சம்மதித்ததாக ஆகாது. 2003-ல் வாட்சன் லண்டன் மாரத்தானை ஆறு நாட்களில் நடந்தே முடித்தபோது, கடைசியில் கூட நடந்தவர்களில் யூபாங்க்கும் ஒருவர்.

அமெரிக்கா சட்டத்தையே கொண்டுவந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்டிக்கு முன் மருத்துவப் பரிசோதனை, ரிங் ஓரம் மருத்துவர், தயாராக ஆம்புலன்ஸ், வீரருக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் கட்டாயம். ஒரு மாநிலம் நாக் அவுட் காரணமாகத் தடை விதித்தால் மற்ற மாநிலங்களும் அதை மதிக்க வேண்டும். முகமது அலியின் பெயரால் 2000-ல் வந்த சட்டம் புரமோட்டரின் கணக்கு வழக்குகளில் கை வைத்தது.

இந்தியாவில்? 2015-ல் விஜேந்தர் சிங் தொழில்முறைக்கு மாறினார். 2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் கெர்ரி ஹோப்பை வீழ்த்தி ஆசிய பசிபிக் பட்டம் வென்றார். ஏகப்பட்ட விளக்குகள், சினிமா நட்சத்திரங்கள். உரிமம் தரத் தனியார் அமைப்புகள் முளைத்தன. ஆனால் அமெரிக்காவைப் போன்ற தனிச் சட்டம் வரவில்லை. அமெச்சூரில் ஒருமுறை நாக் அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங் ஏறக் கூடாது. காசுக்குச் சண்டை போடுகிறவர் அடுத்த வாரமே வேறு ஊரில் வேறு புரமோட்டரிடம் போனால் மறிக்க எந்தச் சட்டப்பூர்வ ஆணையமும் கிடையாது. பசி உள்ளவன் போகத்தான் செய்வான்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. வடசென்னையில் சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் டிக்கெட் போட்டு மோதிய காலத்தில் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும்தான் ரிங் ஏறினார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே காப்பீடு, சமயத்தில் துண்டை வீசத் தெரிந்த வாத்தியார்.

ரிங்குக்கு வெளியே நிலைமை என்ன? 1980-ல் டெல்லியில் முகமது அலியுடன் காட்சிப் போட்டியில் மோதியவர் கௌர் சிங். ராணுவ வீரர், 1982 ஆசிய விளையாட்டில் தங்கம், அர்ஜுனா விருது, அடுத்த ஆண்டே பத்மஸ்ரீ. 2017-ல் இதய நோய்ச் சிகிச்சைக்காக அவர் தனியாரிடம் ரூ 2 லட்சம் கடன் வாங்கியது பத்திரிகைகளில் வந்தது. 1982-ல் பஞ்சாப் அரசு அறிவித்த ரூ 1 லட்சம் பரிசு வந்து சேரவில்லை என்றும் அப்போது அவர் சொன்னார். செய்தி வந்த பிறகே உதவிகள் வந்தன. 2023 ஏப்ரலில் காலமானார். 2010 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற பிவானியின் தினேஷ் குமார், விபத்தில் அடிபட்டு, 2018-ல் கடன் அடைக்கத் தெருவில் குல்ஃபி விற்றார்.

இவர்கள் நாட்டுக்காகப் பதக்கம் வாங்கியவர்கள். நலிந்த வீரர்களுக்கு 1982 முதல் மத்திய அரசின் நல நிதி இருக்கிறது. சர்வதேசப் பதக்கம் பெற்றவர்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. ஓய்வூதியத்துக்குத் தகுதியான போட்டிகளின் பட்டியலில் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், உலகப் போட்டி என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. தொழில்முறைக் குத்துச்சண்டைப் பட்டம் எதுவும் அதில் இல்லை.