பாதிவழியில் நிற்கும் பைக்

நாடு நாடாக மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் பயணத்தை முடிப்பதில்லை. லீவு தீர்ந்துவிடும், கையிருப்பு கரையும், முன்னே இருக்கும் மலைப்பாதையைப் பனி மூடும். அப்போது பைக்கை ஏதோ ஒரு நாட்டில் விட்டுவிட்டு ஆள் மட்டும் விமானத்தில் ஊர் திரும்பி, சில மாதம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது வழக்கம். வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதைவிட இதற்குச் செலவு குறைவு. ஆனால் கூரையும் பூட்டும் உள்ள ஓர் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த நாட்டில் வண்டி எத்தனை நாள் நிற்கலாம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி எல்லைக்குள் நுழைந்தால் சுங்கச் சட்டத்தின் கணக்கில் அது இறக்குமதிப் பொருள். குறித்த நாளுக்குள் திரும்ப வெளியே போய்விடும் என்ற நிபந்தனையில்தான் வரி கேட்காமல் விடுகிறார்கள். இதற்குப் பெயர் தற்காலிக இறக்குமதி அனுமதி. பயணியின் விசாவும் இதுவும் ஒன்றல்ல. ஆள் ஊருக்குப் போய்விட்டாலும் வண்டியின் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். கெடு தாண்டினால் அபராதம் விழலாம், வண்டி பறிமுதலும் ஆகலாம்.

கெடு நாட்டுக்கு நாடு மாறும். தென் அமெரிக்காவில் சிலி 90 நாள் தருகிறது. பக்கத்து நாடான அர்ஜென்டினாவில் 8 மாதம்வரை கிடைக்கும். உருகுவே 12 மாதம் அனுமதிக்கிறது. படகோனியா குளிர்காலத்துக்கு முன் ஊர் திரும்ப நினைப்பவர்கள் உருகுவேக்கு வந்து வண்டியை விடுவதற்கு இதுவே காரணம். மெக்சிகோ 180 நாள் தருகிறது, பிணைத்தொகையும் வாங்குகிறது. வண்டி கெடுவுக்குள் வெளியேறாவிட்டால் அந்தத் தொகை போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 6 மாதம். சுங்கக் கணக்கில் ஒன்றியம் முழுவதும் ஒரே எல்லை என்பதால், பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்கு வண்டியை மாற்றி நிறுத்தினாலும் கெடு புதிதாகத் தொடங்காது.

சில நாடுகளில் வண்டி பயணியின் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பதிவாகிறது. துருக்கி இப்படிப்பட்ட நாடு. அங்கே வண்டி இல்லாமல் விமானம் ஏற வேண்டுமானால் முன்கூட்டியே சுங்கத்துறையிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். விமானம் புறப்படும் அன்று விமான நிலையத்தில் நின்றுகொண்டு முடிக்கிற வேலை அல்ல அது.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகள் கார்னே என்னும் சுங்கப் புத்தகத்தைக் கேட்கின்றன. இதைப் பொதுவாக வண்டியின் சொந்த நாட்டில் உள்ள மோட்டார் சங்கம் பிணை வாங்கிக்கொண்டு தருகிறது. ஒரு கார்னே ஓராண்டு செல்லும். அதன் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது அதிகாரி கீழ்த்துண்டைக் கிழித்து வைத்துக்கொள்வார், வெளியேறும்போது நடுத்துண்டைக் கிழிப்பார். இருமுறையும் முத்திரை விழுந்த மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கும். மேல்துண்டில் வெளியேறிய முத்திரை இல்லை என்றால், வண்டி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டிருக்கலாம் என்று சுங்கத்துறை சந்தேகிக்கும். அப்போது வரியைக் கட்டச் சொல்லிக் கோரிக்கை சங்கத்துக்கு வரும், சங்கம் பிணையில் கைவைக்கும். ஆகவே வண்டியை நிறுத்துமுன் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும்: அந்த நாடு தந்த கெடு ஒன்று, கார்னே காலாவதியாகும் நாள் மற்றொன்று. எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு.

நிறுத்தும் இடங்களில் சுங்கக் காவலில் உள்ள கிடங்குக்குத் தனி இடம் உண்டு. கோஸ்டாரிக்கா போன்ற சில நாடுகளில், வண்டியை அங்கே முறைப்படி ஒப்படைத்தால் அனுமதியின் நாட்கள் ஓடாமல் நிறுத்திவைக்கப்படும். வாடகை கூடுதல், எழுத்து வேலையும் அதிகம். மற்றவர்கள் நெடும்பயணிகளுக்கென்றே நடத்தப்படும் வண்டிக் கொட்டகைகளையோ, மெக்கானிக் பட்டறையையோ, அறிமுகமானவர் வீட்டையோ நாடுகிறார்கள். இவற்றில் எங்கே விட்டாலும் கெடு ஓடும். எங்கே விட்டாலும் பதிவெண், ஒப்படைத்த தேதி, கிலோமீட்டர் அளவு, வாடகை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. சாலை விபத்துக்கான காப்பீடு கொட்டகையில் நடக்கும் திருட்டையும் தீயையும் ஈடுகட்டாமல் போகலாம் என்பதால், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து வண்டியைத் தயார் செய்வது. ஓடிய எஞ்சின் ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால், நிறுத்துமுன் ஆயிலை மாற்றுவது வழக்கம். இரும்பு டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து துருப்பிடிக்கும். அதனால் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். கார்புரேட்டர் வண்டியில் இன்னும் ஒரு வேலை உண்டு: கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி மிச்சப் பெட்ரோலை வடித்துவிடுவது. வடிக்காவிட்டால் அது மாதக்கணக்கில் ஆவியாகி, ஊசித்துளை அளவுள்ள ஜெட்டில் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்தவர் எத்தனை முறை ஸ்டார்ட்டரை அழுத்தினாலும் வண்டி கிளம்பாது.

பேட்டரியைக் கழற்றிவைக்கலாம், குறைந்தது ஒயரையாவது எடுத்துவிட வேண்டும். நிரம்பிய ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சார்ஜ் இறங்கியபடியே பல மாதம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து அது பிறகு தேறாது. செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்தால் எலியும் குளவியும் குடிபுகாது. மூடுவதற்குக் காற்றோட்டமுள்ள துணியுறையே ஏற்றது, பிளாஸ்டிக் தாள் உள்ளே வியர்த்து வண்டியைத் துருவேற்றும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் ஊர் என்றால், நீரால் குளிரும் எஞ்சினில் உறைதடுப்புத் திரவம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பதிவுப் புத்தகம், கார்னே, சுங்க அனுமதி ஆகியவற்றின் அசலைப் பயணி தன்னோடு கொண்டுபோய், நகலை மட்டும் வண்டியோடு விடுவது பாதுகாப்பு. திரும்பும் நாளையும் கெடு முடியும் நாளுக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. துணியடைப்பை எடுத்து, பேட்டரி ஏற்றி, டயர் காற்றும் பிரேக்கும் சோதித்து, ஒருவேளை உதிரிபாகம் வரக் காத்திருந்து, அதன்பின் எல்லைவரை ஓட்டிப்போய் வெளியேறும் முத்திரை வாங்க இரண்டு வாரமாவது கையில் வேண்டும்.