ஓடு கிடந்தால் சூளை இருந்ததா?

ராயகிரிப் பக்கம் மழை ஓய்ந்தபின் உழுத காட்டில் நடந்தால் பழைய பானை ஓடு காலில் இடறும். எடுத்துப் பார்த்ததும், “அந்தக் காலத்தில் இங்கே பானை செய்திருக்கிறார்கள்” என்று தோன்றும். டீ ஆறுவதற்குள் அந்த எண்ணத்தை நாம் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். அநேகமாக எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

பானை பயன்பட்ட இடமெல்லாம் ஓடு கிடக்கும். சோறு பொங்கிய வீடு, தானியம் சேர்த்த குதிர், செத்தவர்களைப் புதைத்த காடு, எங்கும் கிடக்கும். நம் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் 2024-இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, கற்பலகை நிறுத்திய அறைக்குள் ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. பானைகளுக்குக் குறைவில்லை, ஆனால் அது இரும்புக்கால இடுகாடு. அந்தத் தாழிகளை வனைந்த கை வேறெங்கோ வேலை செய்திருக்கிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்வோம். எச்சில் இலை பந்தி நடந்த இடத்தைச் சொல்லும். சமைத்த இடம் தெரிய வேண்டுமானால் கோட்டை அடுப்பின் பள்ளத்தையும், கரியையும், கருகிப்போய் ஒதுக்கிய அதிரசத்தையும் தேட வேண்டும். பானை செய்த இடத்தையும் அப்படித்தான் தேடுகிறோம்.

முதல் தடயம் சூளையின் தரை. நாட்டுச் சூளையில் பச்சைப் பானைகளை அடுக்கி, விறகும் எருவும் வைக்கோலும் இட்டு, மேலே மண் பூசி மூடுவார்கள். உள்ளே வெப்பம் 700, 800 பாகை செல்சியஸைத் தொடும். பலமுறை வெந்த தரை செங்கல்போல் இறுகிச் சிவந்திருக்கும். அதன்மேல் சாம்பலும் கரியும் படிந்திருக்கும்.

இரண்டாவதுதான் முக்கியமான தடயம்: வீணான பானை. நன்றாக வெந்தது சந்தைக்குப் போய்விடும். கெட்டது சூளையோரமே கிடக்கும். அத்தகைய ஓட்டைக் கையில் எடுத்தால் வாய் கோணியிருக்கும், உடம்பில் கொப்புளம் இருக்கும். சூடு மிஞ்சினால் மண் இளகிக் கண்ணாடிபோல் மினுங்கும்; சில சமயம் இரண்டு பானைகள் ஒட்டியே கிடக்கும். இப்படியொன்றை யாரும் காசு கொடுத்து வாங்கிப் போயிருக்க மாட்டார்கள். அதனால்தான் முழுப் பானையைவிட இதற்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஆதிச்சநல்லூர் இதற்கு நல்ல பாடம். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தபோது உலகம் கண்டது தாழிக் காட்டை. ஒரு நூற்றாண்டு கழித்து, 2004-இல் தொடங்கிய இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வில், தி. சத்தியமூர்த்தி குழுவினர் மக்கள் வாழ்ந்த பகுதியையும் தோண்டினார்கள். அங்கே சாம்பல், கரி, உடைந்த பானைகளோடு குயவர் சூளைகள் வெளிப்பட்டன. சூளை என்று சொல்ல வைத்தது அவை சேர்ந்து கிடந்த விதம்.

காலம் எப்படித் தெரியும்? கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தால் அந்த மரம் எப்போது உயிரோடிருந்தது என்று தெரியும். சுட்ட தரையும் சாட்சி சொல்லும்: ஆறும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையைப் பதித்துக்கொள்ளும். சோழர் கால மண்ணடுக்கு என்றால் காசோ, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் கிடைத்ததுபோல் சீனப் பீங்கானோ துணைக்கு வரலாம்.

இவ்வளவும் பொருள் இருந்த இடத்திலேயே இருந்தால்தான் நடக்கும். கிணறு வெட்டும்போது சிவந்த தரையும் சாம்பலும் கோணல் ஓடும் சேர்ந்து தென்பட்டால், பெயர்க்காமல் படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பல்லவர் செப்பேடுகள் குயவர் கட்டிய குசக்காணம் என்ற வரியைக் குறித்து வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் குயவர்கள் எந்த மண்ணை எடுத்தார்கள், எப்படிச் சுட்டார்கள், எங்கே தவறினார்கள் என்பதற்கு அந்தச் சூளைக் குப்பையை விட்டால் நமக்கு வேறு ஏடு இல்லை.