பெயரா, பொருத்தமா? சிறு டிராக்டர் வாங்குமுன் சில கணக்குகள்

புணேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் நாராயண்காவ் ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மராட்டியத்தின் திராட்சைத் தோட்டங்களில் இரு வரிசைகளுக்கு இடையே பொதுவாக 8 முதல் 10 அடி இடைவெளி விடப்படுகிறது. கொடிகள் இருபுறமும் படர்ந்தபின் எஞ்சும் வழி இன்னும் குறுகலானது. பெரிய டிராக்டர் அங்கே நுழைந்தால் கொடியும் குலையும் சேதமடையும். ஆகவேதான் 30 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு டிராக்டர்களை இவ்வட்டார விவசாயிகள் நாடுகின்றனர். கடன் கேட்டு வங்கிக்கு வருவோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் வினா, "மஹிந்திரா வாங்கலாமா, குபோட்டா வாங்கலாமா?" என்பதாகும்.

வங்கி எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பதில்லை. ஆயினும், தவணை செலுத்தி முடிக்கும் வரை நிலைத்து நிற்கும் முடிவு இது. சரியாக முடிவெடுக்கும் முறையை எடுத்துரைப்பது எங்கள் கடமை.

இரு வண்டிகளும் ஒரு பார்வையில்

மஹிந்திராவின் 'ஜீவோ' வரிசை 2017-இல் அறிமுகமானது. அதில் 'ஜீவோ 245 டிஐ', 24 குதிரைத்திறன் கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டி. திராட்சைத் தோட்டங்களுக்கென்றே 'வைன்யார்டு' என்ற வகையும் உண்டு. 1890-இல் ஒசாகாவில் தொடங்கப்பட்ட ஜப்பானிய நிறுவனமான குபோட்டா, 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவில் கால் பதித்தது. அதன் 'நியோஸ்டார் பி2441' வண்டியும் 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம் கொண்டதே.

ஜீவோவில் இரண்டு சிலிண்டர்கள்; குபோட்டாவில் மூன்று. எஞ்சினின் நிர்ணயிக்கப்பட்ட வேகம் ஜீவோவில் நிமிடத்திற்கு 2,300 சுற்றுகள், குபோட்டாவில் 2,600. கியர்கள் முன்னதில் 8 முன்னோக்கி, 4 பின்னோக்கி. பின்னதில் 9 முன்னோக்கி, 3 பின்னோக்கி. பளு தூக்கும் திறன் இரண்டிலும் 750 கிலோ.

சிலிண்டர் எண்ணிக்கை கூடினால் வண்டி உயர்ந்தது என்று பொருளன்று. மூன்று சிலிண்டர் எஞ்சின் பொதுவாக அதிர்வு குறைந்து ஓடும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் பாகங்கள் குறைவு. விளம்பரத் தாளை மட்டும் வைத்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. தோட்டத்தில் அந்த வண்டி செய்ய வேண்டிய வேலையே முடிவைச் சொல்லும்.

உழவைவிடத் தெளிப்பே பெரிய வேலை

இப்பகுதியில் திராட்சைக்கு ஆண்டில் இருமுறை கவாத்து செய்யப்படுகிறது. அறுவடை முடிந்தபின் ஏப்ரலில் ஒன்று; காய்ப்புக்காக அக்டோபரில் மற்றொன்று. அக்டோபர் கவாத்துக்குப் பின் துளிர்விடும் நாட்களில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் விரைவாகப் பரவும்; மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போட இயலாது. ஆகவே, திராட்சைத் தோட்டத்து டிராக்டர் உழுவதைவிட, 'ப்ளோயர்' எனப்படும் விசைத்தெளிப்பானை இயக்குவதிலேயே அதிக நேரம் செலவிடுகிறது.

இதற்குத் தேவையானது எஞ்சினின் குதிரைத்திறன் மட்டுமன்று. பின்புறச் சுழல்தண்டில், அதாவது பிடிஓ-வில், கிடைக்கும் திறனாகும். இது எஞ்சின் திறனைவிட எப்போதும் குறைவு. ஒரே 24 குதிரைத்திறன் கொண்ட இரு வண்டிகளிலும் இது வேறுபடலாம். வாங்க நினைக்கும் தெளிப்பானுக்கு எவ்வளவு பிடிஓ திறன் தேவை என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற வண்டியைத் தேடுவதே முறை.

பளுவையும் கணக்கிட வேண்டும். 400 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 400 கிலோ. இரும்புச் சட்டம், பம்பு, விசிறி ஆகியவற்றின் எடை வேறு. பளு பின்னோக்கித் தள்ளி நிற்க நிற்க, தூக்கும் திறன் 750 கிலோவிலிருந்து குறைந்துகொண்டே வரும். முன்சக்கரங்களின் பிடியும் தளரும்.

இவ்விவரங்களுக்கு நடுநிலையான சான்று ஒன்று உள்ளது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம், டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பிடிஓ திறன், எரிபொருள் செலவு, தூக்கும் திறன் ஆகியன அதில் அளந்து தரப்பட்டிருக்கும். விற்பனையாளரிடம் அவ்வறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

ஒரு மணி நேரத்திற்கு என்ன செலவு?

விலை வேறுபாட்டை மொத்தத் தொகையாகப் பார்ப்பதைவிட, உழைக்கும் மணிக்கணக்கில் பார்ப்பதே தெளிவு தரும். ஓர் எடுத்துக்காட்டு: 5 லட்சம் ரூபாய்க் கடன், 10 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு தவணை என்று கொள்வோம். தவணை ஏறத்தாழ 1,02,700 ரூபாய். ஆண்டுக்கு 800 மணி நேரம் வண்டி ஓடினால், மணிக்கு 128 ரூபாய். 400 மணி நேரமானால் 257 ரூபாய். 200 மணி நேரமே ஓடினால் 513 ரூபாய்.

இப்போது, மற்றொரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ஆண்டுத் தவணையில் சுமார் 20,540 ரூபாய் கூடும். 400 மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் மணிக்கு 51 ரூபாய். டீசல் லிட்டர் 90 ரூபாய் எனில், மணிக்கு அரை லிட்டர் மிச்சமாகும் வண்டி அதில் 45 ரூபாயை ஈடுசெய்துவிடும். ஆகவே, நிறுவனத்தின் பெயரைவிட, ஆண்டில் எத்தனை மணி நேரம் வேலை இருக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. வேலை குறைவாயின், அண்டை விவசாயிகளுடன் இணைந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ அறிவுடைமை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையே இயந்திரங்களை வாடகைக்கு அளிக்கிறது.

பழுது நீக்கும் தொலைவு

அக்டோபரில் நான்கு நாட்கள் வண்டி நின்றால் ஏற்படும் பயிர் இழப்பு, ஆண்டு முழுவதும் மிச்சப்படுத்திய டீசலையும் விழுங்கிவிடக் கூடும். எனவே, தங்கள் தாலுகாவில் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் அருகில் உள்ளது, உதிரிபாகங்கள் இருப்பில் உள்ளனவா என்பதை நேரில் சென்று விசாரியுங்கள். அதே வண்டியை மூன்றாண்டுகளாக ஓட்டும் இருவரிடமாவது பேசுங்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன்

1. டிராக்டர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. விலைப்புள்ளியில் அது சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

2. தெளிப்பான், ரொட்டவேட்டர் போன்ற கருவிகளையும் சேர்த்தே விலைப்புள்ளி பெறுங்கள். கருவியின்றி வண்டி மட்டும் வருமானம் ஈட்டாது.

3. மானியத்திற்கு மராட்டியத்தில் 'மகாடிபிடி' இணையதளம் வழி விண்ணப்பிக்கலாம். முன் அனுமதி கிடைக்குமுன் வண்டியை வாங்கிவிடாதீர்கள். வரவிருக்கும் மானியத்தை நம்பி முன்பணத்தைக் குறைத்துத் திட்டமிடவும் வேண்டாம்.

4. பிணையற்ற வேளாண் கடனின் வரம்பு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய். டிராக்டர் கடன் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டதாகையால், வண்டியுடன் நிலத்தையும் ஈடாகக் கேட்க நேரலாம். குடும்பத்தினருடன் கலந்து பேசிய பின்னரே கையெழுத்திடுங்கள்.

5. தவணை நாளை அறுவடைக்குப் பின் அமையுமாறு கேளுங்கள். ஏப்ரலுக்குள் திராட்சை விற்றுப் பணம் பெறுவோருக்கு மே மாதத் தவணை எளிதாக இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் படரும் பன்னீர் திராட்சைக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். அங்கே வரிசையின் அகலத்துடன் பந்தலின் உயரத்தையும் அளக்க வேண்டும். எவ்வூராயினும், காட்சிக்கூடத்திற்குச் செல்லுமுன் தோட்டத்தில் ஓர் அளவுநாடாவைப் பிடியுங்கள். ஆண்டின் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர், இரு விற்பனையாளரையும் தங்கள் தோட்டத்திலேயே, தெளிப்பானுடன் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரிசை முடிவில் எது கொடியைத் தொடாமல் திரும்புகிறதோ, எதற்குப் பழுது நீக்குபவர் அன்றே வந்து சேர்வாரோ, அதுவே தங்களுக்குரிய வண்டி.