மோரியில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

தாராவியில் பல வீடுகள் ஒரே அறைதான். அந்த அறையின் ஒரு மூலையில் மோரி இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் இதை அங்கணம் என்பார்கள். மூன்று அடிக்கு மூன்று அடி இருந்தால் அது பெரிய மோரி. குளிப்பது அங்கேதான். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, அரிசி களைவது எல்லாம் அங்கேதான். மாட்டுங்கா, செம்பூர் சால் வீடுகளிலும் இப்படிப்பட்ட மோரி உண்டு.

மோரியில் தண்ணீர் வடியாமல் நின்றால் என்ன ஆகும்? சுவர் ஊறும். நாற்றம் வரும். கரப்பான் பூச்சி வரும். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். நம் மோரித் தண்ணீர் அவர்கள் அரிசி வைத்த மூலையில் கசியும். பிறகு சண்டைதான்.

"மிஸ்திரியைக் கூப்பிட்டால் நிறையப் பணம் கேட்கிறாரே" என்கிறீர்களா? பாதி வேலையை நாமே செய்யலாம். மீதி வேலையை அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மோரித் துளையின் மேல் இருக்கும் ஜாலியை எடுங்கள். உள்ளே தலைமுடி, சோறு, சோப்புக் கட்டி இருக்கும். வளைந்த கம்பியால் அதை வெளியே இழுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் அடைப்பு இன்னும் ஆழத்துக்குப் போகும். பிறகு சுடுதண்ணீர் ஊற்றுங்கள். சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதில் விஷ வாயு வரும். சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

அடைப்பு இல்லை. ஆனாலும் தண்ணீர் நிற்கிறது. அப்படியானால் சரிவைப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீரை மோரியின் மூலையில் ஊற்றுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறதோ, அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அங்கே தரை பள்ளமாக இருக்கிறது. மூன்று அடி மோரிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். அதற்கு மேல் சரிந்தால் ஈரக் காலில் வழுக்கும்.

மூன்றாவது காரணம்தான் தாராவியில் முக்கியமானது. தாராவி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். பக்கத்தில் மித்தி ஆறு. அந்தப் பக்கம் மாஹிம் கழிமுகம். தாழ்ந்த நிலம் என்பதால் மழைத் தண்ணீர் தேங்கும். சந்தில் தண்ணீர் நின்றால், பழைய தரைக்கு மேலேயே புதிதாகக் கான்கிரீட் போடுவார்கள். சில வருடம் கழித்து மறுபடியும் போடுவார்கள். சந்து உயர்ந்துகொண்டே போகிறது. நம் வீடு கீழேயே இருக்கிறது. முன்பு படி ஏறி உள்ளே போன வீட்டில், இன்று படி இறங்கிப் போகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் கட்டர் மேலே, மோரி கீழே. தண்ணீர் மேலே ஏறுமா? மழை நாளில் கட்டர் தண்ணீர் மோரி வழியாக வீட்டுக்குள் வரும்.

இதை எப்படி அளப்பது? கண்ணால் பார்த்தால் ஏமாந்து போவோம். கொத்தனார்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதற்கு டியூப் லெவல் என்று பெயர். இருபது அடி கண்ணாடிப் பிளாஸ்டிக் டியூப் வாங்குங்கள். அதில் தண்ணீர் நிரப்புங்கள். நடுவில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. ஒரு முனையை மோரியின் பக்கத்தில் ஒருவர் பிடிக்கட்டும். மறு முனையைக் கட்டரின் பக்கத்தில் இன்னொருவர் பிடிக்கட்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து மோரித் துளை எத்தனை அங்குலம் கீழே? கட்டரில் ஓடும் தண்ணீர் எத்தனை அங்குலம் கீழே? இரண்டையும் எழுதுங்கள். மோரியின் எண் பெரிதாக இருந்தால், மோரிதான் பள்ளத்தில் இருக்கிறது. மோரியை உயர்த்தாமல் டைல்ஸ் மட்டும் ஒட்டினால் அந்தப் பணம் வீண்.

உயர்த்தும்போது செங்கல் துண்டு போட்டு நன்றாக இடிக்க வேண்டும். துளையில் நானி டிராப் வைக்கச் சொல்லுங்கள். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே மூடி. நாற்றமும் பூச்சியும் அதைத் தாண்டி வராது. இந்த யோசனை பழையது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிப்பறைக் குழாயை வளைத்து, அதில் தண்ணீரை நிற்க வைத்தார். அவர் தொழில் கடிகாரம் செய்வது!

பூச்சுக்கு ஒரு சட்டி சிமெண்டுக்கு மூன்று சட்டி மணல் போதும். பூசிய பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்து வையுங்கள். இதுதான் கஷ்டம். ஏழு நாள் எங்கே குளிப்பது? பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லி வையுங்கள். அவர்கள் மோரி உடைந்தால் நம் மோரியைக் கொடுக்கலாம். மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதத்திலேயே வேலையை முடியுங்கள்.

"வீட்டையே இடிக்கப் போகிறார்கள், மோரி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்தை அரசு 2004-ல் அறிவித்தது. கட்டப் போகும் கம்பெனியை 2022-ல்தான் முடிவு செய்தார்கள். 2004-ல் பிறந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். இத்தனை வருடமும் நாம் குளிக்காமலா இருந்தோம்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மோரித் தண்ணீர் போய்ச் சேரும் கட்டருக்குள்தான் பல சந்துகளில் குடிதண்ணீர்க் குழாயும் போகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். இணைப்பு விட்டுப் போகும். குழாயில் தண்ணீர் வரும்போது நல்ல தண்ணீர் வெளியே கசியும். தண்ணீர் நின்ற பிறகு குழாய் காலியாக இருக்கும். அப்போது கட்டர் தண்ணீர் அதே ஓட்டை வழியாக உள்ளே போகும். மோட்டார் வைத்து இழுத்தால் அழுக்கையும் சேர்த்து இழுக்கும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு இப்படித்தான் வருகின்றன.

ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடிக்காதீர்கள். அதை மோரி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கொதித்தால் கிருமி சாகும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஓட்டையில் ரப்பர் சுற்றிக் கிளாம்ப் போடலாம். அது சில நாளைக்குத்தான் தாங்கும். குழாயைக் கட்டரிலிருந்து எடுத்துச் சுவரின் மேல் கொண்டுபோக வேண்டும். இது ஒரு வீட்டு வேலை இல்லை. குழாயைப் பங்கு போடும் எல்லா வீடும் சேர்ந்து பணம் போட வேண்டும். மாநகராட்சியின் லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் செய்ய வேண்டும்.

தண்ணீரில் நாற்றம் வந்தால் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். போன் எண் 1916. தாராவிக்கு ஜி நார்த் வார்டு அலுவலகம், தாதரில் இருக்கிறது. புகார் எண் கேட்டு வாங்குங்கள். அதையும் தேதியையும் உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.