இணைய இணைப்பு இல்லாத கணினியில் விளையாட்டு மோட்களை நிறுவுதல்

மோட் என்பது ஒரு கணினி விளையாட்டின் தோற்றத்தையோ விதிகளையோ அதில் உள்ள பொருள்களையோ மாற்றுவதற்காகப் பின்னர் சேர்க்கப்படும் கோப்புகளின் தொகுப்பு. பெரும்பாலும் விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாத வேறு ஒருவர் இதை எழுதியிருப்பார். ‘மாடிஃபிகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இப்பெயர். ‘மாட்’ என்றும் சிலர் எழுதுவர். இக்கட்டுரையில் உண்மையான மாட்டைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால் ‘மோட்’ என்ற வடிவத்தையே கொள்வோம்.

இணையம் இல்லாத கணினியில் மோட் நிறுவுவது ஏதோ குறுக்கு வழி என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டில் நிலப்படங்கள், ஓவியங்கள், ஒலிகள் எல்லாம் முதன்மை நிரலில் இருந்து பிரிக்கப்பட்டு ‘வாட்’ என்ற வகைத் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருந்தன. அதனால் நிரலைத் தொடாமலேயே ஆர்வலர்கள் தங்கள் சொந்த நிலப்படங்களைச் செய்து சேர்த்தனர். வீட்டுக்கு வீடு இணையம் இல்லாத அக்காலத்தில் இக்கோப்புகள் நெகிழ் வட்டிலும் குறுந்தகட்டிலும் கைமாறின. 1999-இல் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு ஒரு மோட் ஆகத் தொடங்கிய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், 2000-இல் வால்வ் நிறுவனத்தின் தனி விளையாட்டாகவே வெளிவந்தது.

இன்று இணையத்தோடு இணைந்த கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் மோட் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த ஒரு சொடுக்கில் நான்கு வேலைகள் நடக்கின்றன: கோப்பு இறங்குகிறது, நம்மிடம் உள்ள பதிப்புக்கு அது பொருந்துமா என்று பார்க்கப்படுகிறது, அந்த மோட் நம்பியிருக்கும் வேறு மோட்களும் கூடவே வருகின்றன, எல்லாம் உரிய கோப்புறையில் வைக்கப்படுகின்றன. இணையம் இல்லாதபோது இந்த நான்கும் நம் பொறுப்பு. கோப்பைக் கொண்டுவருவதை யாரும் மறப்பதில்லை. பதிப்பும் சார்பும்தான் பார்க்காமல் விடப்படுகின்றன.

லுவாண்டி: ஓர் எடுத்துக்காட்டு

எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான ஒரே முறை கிடையாது. ஆகவே ஒன்றை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். லுவாண்டி என்பது கட்டை கட்டையாக உலகத்தை அமைத்து விளையாடும் கட்டற்ற மென்பொருள். பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் இதைத் தொடங்கினார். ‘மைன்டெஸ்ட்’ என்ற பழைய பெயர் 2024 அக்டோபரில் ‘லுவாண்டி’ என மாற்றப்பட்டது. கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். தனியாக விளையாடுவதற்கு இணையமே தேவையில்லை. மோட்கள் லுவா என்ற எளிய நிரல்மொழியில் எழுதப்பட்ட வெறும் உரைக் கோப்புகளாக இருப்பதால் திறந்து படித்துப் பார்க்கவும் முடியும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லுவாண்டி என்பது விளையாட்டை இயக்கும் பொறி மட்டுமே. ‘மைன்டெஸ்ட் கேம்’ என்ற அடிப்படை விளையாட்டு முன்பு அதனுடனேயே சேர்ந்து வந்தது. 5.8 பதிப்பில் இருந்து அது சேர்த்துத் தரப்படுவதில்லை. இணையம் உள்ளவர் உள்ளிருந்தே அதை இறக்கிக்கொள்வார். இல்லாதவர் லுவாண்டியை மட்டும் கொண்டுவந்து திறந்தால் விளையாட எதுவும் இருக்காது. ஆகவே பென் டிரைவில் வர வேண்டியவை மூன்று: பொறி, விளையாட்டு, மோட்கள்.

இங்கே கோப்புப் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில்தான் தெரியும்.

கொண்டுவருவதற்கு முன்

மைன்டெஸ்ட் கேமில் பட்டாம்பூச்சியும் மின்மினியும் உண்டு. ஆடு மாடு கோழி கிடையாது. ஒரு மாணவிக்குத் தன் உலகத்தில் பசு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘மோப்ஸ் அனிமல்’ என்ற மோட் இருக்கிறது. கன்டென்ட்டிபி என்ற லுவாண்டியின் அதிகாரபூர்வ மோட் களஞ்சியத்தில் அதன் பக்கத்தைத் திறந்தால், சார்புகள் என்ற இடத்தில் ‘மோப்ஸ்’ என்ற மற்றொரு மோட் தேவை என்று குறித்திருக்கும். விலங்குகள் எப்படி நடக்கும், எப்போது தோன்றும், அடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் மோப்ஸில் இருக்கிறது. பசுவின் உருவமும் பால் கறக்கும் விதியும் மோப்ஸ் அனிமலில் இருக்கின்றன. முன்னது இல்லாமல் பின்னது இயங்காது. வீட்டுக்கு வந்த பிறகு இது தெரிந்தால் மறுபடியும் இணையம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

சார்பு இரண்டு வகை. கட்டாயச் சார்பு இல்லாவிட்டால் மோட் ஏறாது. விருப்பச் சார்பு இருந்தால் கூடுதல் வசதி கிடைக்கும், இல்லாவிட்டாலும் குறையில்லை. விருப்பச் சார்புகள் அத்தனையையும் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை. கட்டாயச் சார்பாகச் சொல்லப்பட்ட மோட்டுக்கும் சொந்தச் சார்புகள் இருக்கலாம். ஆகவே அதன் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பதிப்பு. தன் கணினியில் உள்ள லுவாண்டியின் பதிப்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மோட்டின் பக்கத்தில் அது எந்தப் பதிப்புக்கு உரியது, எந்த விளையாட்டோடு சேரும் என்ற இரண்டும் இருக்கும். மைன்டெஸ்ட் கேமுக்காக எழுதிய மோட், வாக்ஸலிப்ரே போன்ற வேறு விளையாட்டில் இயங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கட்டைகளின் பெயர்களே இரண்டிலும் வேறு.

உரிமத்தையும் அதே பக்கத்தில் பார்க்கலாம். கன்டென்ட்டிபியில் உள்ள பல மோட்கள் ஜிபிஎல், எம்ஐடி போன்ற கட்டற்ற உரிமத்தில் உள்ளவை. நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது குற்றமல்ல. விலைக்கு விற்கும் விளையாட்டுகளின் மோட்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு மோட் எழுதியவர் என்ன அனுமதி தந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கொண்டுவருதல்

வழி இரண்டு. விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் இணையம் கிடைக்குமானால், லுவாண்டியின் ஜிப் கோப்பை அங்கே பென் டிரைவிலேயே விரித்து, அங்கிருந்தே இயக்கலாம். ஜிப் ஆக வரும் லுவாண்டி தனக்கு வேண்டியதை எல்லாம் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். உள்ளே உள்ள ‘கன்டென்ட்’ பகுதியில் விளையாட்டையும் மோட்களையும் இறக்கினால் சார்புகளையும் அதுவே கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அந்தக் கோப்புறையை அப்படியே வீட்டுக் கணினியில் நகலெடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் வைக்க வேண்டாம். அங்கே எழுத விண்டோஸ் அனுமதி மறுக்கும்.

ஆனால் நம்மிடையே பல மாணவர்களுக்கு இணையம் என்றால் கைப்பேசி மட்டுமே. மடிக்கணினி இருக்கும், இணைப்பு இருக்காது. அவர்கள் கைப்பேசியின் உலாவியில் ஒவ்வொரு ஜிப் கோப்பாக இறக்கி, தரவுக் கம்பி வழியாகக் கணினிக்கு மாற்ற வேண்டும். இதில் சார்புகளைப் பார்த்துச் சேர்க்க யாரும் இல்லை. மேலே சொன்ன பட்டியலை எழுதி வைத்துக்கொள்வது இங்கேதான் கைகொடுக்கும்.

உரிய இடத்தில் வைத்தல்

மோட் எதையும் சேர்ப்பதற்கு முன் விளையாட்டு மட்டும் தனியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பின்னால் பிழை வந்தால் அது மோட்டால் வந்ததா, கணினியால் வந்ததா என்று பிரித்தறிய வேறு வழி இல்லை.

லுவாண்டியின் கோப்புறைக்குள் ‘கேம்ஸ்’, ‘மோட்ஸ்’, ‘டெக்ஸ்சர்ஸ்’, ‘வேர்ல்ட்ஸ்’ என்ற கோப்புறைகள் இருக்கும். விளையாட்டு முதலாவதில், மோட் இரண்டாவதில், தோற்றத்தை மட்டும் மாற்றும் படத் தொகுப்புகள் மூன்றாவதில். நான்காவதில் நாம் கட்டிய உலகங்கள் இருக்கும்.

ஜிப் கோப்பைத் திறந்து பார்ப்பது வேறு, விரிப்பது வேறு. விண்டோஸில் வலது சொடுக்கி ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்தால்தான் விரியும். அப்படி விரிக்கும்போது கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை அமைந்துவிடுவது உண்டு. மோட்டின் கோப்புறையைத் திறந்தவுடனே ‘இனிட்.லுவா’ என்ற கோப்பு கண்ணில் பட வேண்டும். படவில்லை, உள்ளே மற்றொரு கோப்புறைதான் தெரிகிறது என்றால் அந்த உள் கோப்புறையை எடுத்து மோட்ஸுக்குள் நேரடியாக வைக்க வேண்டும். பல மோட்கள் சேர்ந்த தொகுப்பாக இருந்தால் மட்டும் ‘மோட்பேக்.கான்ஃப்’ என்ற கோப்பும் பல கோப்புறைகளும் தெரியும். அதைக் கலைக்காமல் அப்படியே வைக்கலாம்.

இனிட்.லுவாவுக்குப் பக்கத்தில் ‘மோட்.கான்ஃப்’ இருக்கும். நோட்பேடில் திறந்தால் மோட்டின் பெயரும், ‘டிபெண்ட்ஸ்’ என்ற சொல்லுக்கு எதிரே கட்டாயச் சார்புகளும் எழுதியிருக்கும். இணையம் இல்லாத நிலையிலும் சார்பைத் தெரிந்துகொள்ள இந்தச் சிறு கோப்பு போதும். மிகப் பழைய மோட்களில் இதற்குப் பதிலாக ‘டிபெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ இருக்கும். கோப்புறையின் பெயர் ‘-மாஸ்டர்’ என்ற வாலோடு வந்திருந்தால் அதை நீக்கி, மோட்.கான்ஃபில் உள்ள பெயரையே வைத்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு மோட் தானாக இயங்காது. லுவாண்டியில் ஒவ்வோர் உலகத்துக்கும் மோட்களைத் தனித்தனியாக இயக்க வேண்டும். தொடக்கத் திரையில் உலகத்தைத் தேர்ந்து ‘செலக்ட் மோட்ஸ்’ கொடுத்து, வேண்டியதை இயக்கிச் சேமிக்க வேண்டும். இந்தத் தேர்வு அந்த உலகத்தின் கோப்புறையில் ‘வேர்ல்ட்.எம்டி’ என்ற கோப்பில் பதிவாகிறது. இயக்கிய பிறகு புல்வெளியில் சிறிது நேரம் சுற்றினால் பசு தென்படும். வாளியோடு போனால் பாலும் கறக்கலாம். புதிய தாதுக்களைச் சேர்க்கும் மோட்களில் இப்படி உடனே பலன் தெரியாது. ஏற்கெனவே உருவாகிவிட்ட நிலத்தில் அவை தோன்றா; இதுவரை போகாத பகுதிக்குப் போனால்தான் காணலாம்.

பிழை வந்தால் பதற வேண்டாம். திரையில் வரும் செய்தி நீளமாக இருந்தாலும் அதில் மோட்டின் பெயரும், கோப்பும், வரி எண்ணும் இருக்கும். அதே செய்தி ‘டீபக்.டிஎக்ஸ்டி’ கோப்பிலும் பதிவாகும். அதன் கடைசிப் பகுதியைப் பார்த்தால் போதும். ஐந்து மோட்களை ஒரே நாளில் சேர்த்தவருக்கு எது காரணம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒன்றைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

கட்டிய உலகத்தைக் காப்பாற்றுதல்

ஒரு பிள்ளை ஆறு மாதம் உட்கார்ந்து கோயிலும் குளமும் தெருவுமாக ஓர் ஊரையே கட்டியிருக்கலாம். மோட்டை மறுபடி கொண்டுவந்துவிடலாம். அந்த ஊரை எங்கிருந்தும் இறக்க முடியாது. இணையச் சேமிப்பு இல்லாத கணினியில் அதற்கு வேறு பிரதியும் இல்லை. ஆகவே எந்த மோட்டையும் சேர்ப்பதற்கு முன், லுவாண்டியை மூடிவிட்டு, வேர்ல்ட்ஸில் உள்ள அந்த உலகத்தின் கோப்புறையை முழுவதுமாக வேறு இடத்தில் நகலெடுக்க வேண்டும். நகலுக்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்தால் குழப்பம் வராது.

மோட்டை நீக்கினால் என்ன ஆகும்? அந்த மோட் தந்த கட்டைகளால் கட்டிய சுவர்கள் ‘அன்னோன் நோட்’, அதாவது அறியாத கட்டை, என்ற எழுத்தோடு அலங்கோலமாகத் தெரியும். அழிந்துவிட்டது என்று நினைத்து அவற்றை உடைத்து எறியக் கூடாது. கட்டையின் பெயர் நிலப்படத்தில் அப்படியே இருக்கிறது. மோட்டைத் திரும்ப வைத்தால் சுவரும் திரும்ப வரும்.

பதிப்பு மாற்றம் இதைவிடக் கவலைக்குரியது. 5.5 பதிப்பில் நிலப்படத்தைச் சேமிக்கும் முறை மாறியது. அந்தப் பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ திறந்து விளையாடிய உலகத்தை அதற்கு முந்தைய பதிப்புகளால் படிக்க முடியாது. நண்பர் வீட்டுப் புதிய பதிப்பில் விளையாடிவிட்டுப் பழைய கணினிக்குத் திரும்புவோர் நகலை மட்டும் எடுத்துப் போவது நல்லது.

பென் டிரைவும் வைரசும்

இணையத்தில் இல்லாத கணினிக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை தவறு. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு இணையாத கணினிகளுக்குள்ளும் பென் டிரைவ் வழியாகவே நுழையக்கூடியது. இத்தகைய கணினியில் வைரஸ் தடுப்பான் இருந்தாலும் அது புதுப்பிக்கப்படாமல் பழையதாகவே இருக்கும்.

லுவாண்டி மோட்டில் ஒரு வசதி உண்டு. அதில் இருப்பவை லுவா நிரல், படம், ஒலி, முப்பரிமாண உருவம், உரைக் கோப்பு ஆகியவையே. ‘இஎக்ஸ்இ’ அல்லது ‘பேட்’ என்று முடியும் கோப்பு அதற்குத் தேவையே இல்லை. அப்படி ஒன்று உள்ளே இருந்தால் திறக்காமல் முழு மோட்டையும் நீக்கிவிடலாம். இதைக் காண, விண்டோஸில் கோப்புப் பெயர்களின் பின்னொட்டு மறைக்கப்படாமல் தெரியும்படி முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். மோட்கள் கணினியின் மற்றக் கோப்புகளைத் தொடாதபடி லுவாண்டியே ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. தன்னை ‘டிரஸ்டட் மோட்ஸ்’ பட்டியலில் சேர்க்கச் சொல்லும் மோட் அந்த வேலியைத் திறக்கச் சொல்கிறது. காரணம் புரியாமல் சேர்க்கக் கூடாது.

வேறு விளையாட்டுகள்

ஓபன்டிடிடி என்ற போக்குவரத்து விளையாட்டும் இதே போலக் கட்டற்றது. இணையம் உள்ள கணினியில் அதற்குள்ளிருந்தே இறக்கியவை ‘கன்டென்ட்_டவுன்லோட்’ என்ற கோப்புறையில் சேர்ந்திருக்கும். அக்கோப்புறையை நகலெடுத்தால் போதும். டூமின் வாட் கோப்புகள் இன்னும் எளிது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் நிலை வேறு. விளையாட்டை முதன்முறை திறப்பதற்கே கணக்கில் நுழைய இணையம் வேண்டும். மோட்களை ஏற்றும் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்றவையும் நிறுவப்படும்போது சில கோப்புகளை இணையத்தில் இருந்து எடுக்கின்றன. அவற்றை ஒருமுறை இணைப்போடு நிறுவி, விளையாட்டு ஓடுவதைப் பார்த்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம். அதன்பின் மோட் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து ‘மோட்ஸ்’ கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீம் வொர்க்ஷாப் மோட்களைப் பெற ஸ்டீம் கணக்கும் இணையமும் இன்றியமையாதவை. அவற்றை இறக்கிவிட்ட கணினியில் ஸ்டீமை ‘ஆஃப்லைன்’ நிலைக்கு மாற்றிக்கொண்டு விளையாட முடியும்.