"டிக்கெட் இல்லாமல் பயணம்" – இதில் குற்றம் எது? இங்கிலீசில் "இங்" போடும் இரட்டை வேடம்!

செங்கல்பட்டு,

செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரைக்கு மின்சார ரெயிலில் போய் வருகிறவர்களுக்குப் பழகிப்போன வாசகம் இது: "டிராவலிங் வித்தவுட் டிக்கெட் இஸ் அன் அஃபென்ஸ்."

இதில் குற்றம் எது? "டிராவலிங்". அதாவது, பயணம் செய்தல். ஒரு செயலுக்கு வைத்த பெயர். இதைத்தான் இங்கிலீஷ் இலக்கணத்தில் "ஜெரண்ட்" என்கிறார்கள்.

பரீட்சையில் மார்க்கைப் பறிப்பதும், வேலைக்குப் போடும் மனுவைக் கெடுப்பதும் இந்த "ஜெரண்ட்"தான்.

தெரிந்த ஆள்தான்!

பெயர்தான் புதுசு, ஆள் பழசு. தமிழ் வாத்தியார் "தொழிற்பெயர்" என்று சொல்லிக் கொடுத்தாரே, அதேதான். இங்கிலீசில் இதற்கு ஒரே வால் – "இங்". தமிழிலோ தல், அல், கை, பு என்று 19 விகுதிகளை அடுக்குகிறார்கள். பத்தொன்பதைப் படித்தவன் ஒன்றுக்குப் பயப்படலாமா?

இரட்டை வேடம்

சிக்கல் எங்கே? இதே "இங்" வேறு வேடத்திலும் வரும்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒருவன் நீந்துகிறான். "ஹீ இஸ் ஸ்விம்மிங்." அவன் நீந்திக்கிட்டு இருக்கான். இது நடந்துகொண்டிருக்கும் வேலை. ஜெரண்ட் அல்ல.

"ஸ்விம்மிங் இஸ் டேஞ்சரஸ் ஹியர்." இங்கே நீந்துறது ஆபத்து. இதுதான் ஜெரண்ட். அலையில் சிக்கி உயிர் விட்டவர்கள் பலர் உள்ள கடற்கரையில், இந்த ஒரு வார்த்தை புரிந்தே ஆக வேண்டும்.

கண்டுபிடிக்கச் சுலப வழி, பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. "நீந்திக்கிட்டு" என்று வந்தால் ஜெரண்ட் இல்லை. "நீந்துறது" என்று வந்தால் ஜெரண்ட்.

சிகரெட்டை விட்டானா, பிடித்தானா?

"ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்" என்றால், சிகரெட் பிடிக்கிறதையே விட்டுவிட்டான். "ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்" என்றால், சிகரெட் பிடிப்பதற்காக நின்றான்! ஒரு "இங்" போனதில் அர்த்தமே தலைகீழ்.

மனுவில் உஷார்

"இன்டரஸ்டெட் இன் ஜாயின்" என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. "இன் ஜாயினிங்" என்பதே சரி. இன், ஆஃப், ஃபார், வித்தவுட் போன்ற சொற்களுக்குப் பின்னால் வினை வந்தால் "இங்" சேர்க்க வேண்டும்.

"லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர்" என்பதும் தப்பு. அங்கே வரும் "டு", நம்ம ஊர் "கு" உருபு மாதிரி. பின்னால் பெயர்தான் வரும். ஆகவே "டு ஹியரிங்".

சட்டத்திலும் "இங்"

தமிழ்நாட்டில் 1997-ல் "ராகிங்" தடைச் சட்டம் வந்தது. "ராகிங்" என்பதும் செயலின் பெயர்தான்.

தமிழிலும் உஷார் தேவை. "தண்டவாளத்தைக் கடத்தல் குற்றம்" என்று எழுதினால், யாரோ தண்டவாளத்தையே தூக்கிக்கொண்டு போனதாக அர்த்தமாகிவிடும்! "கடப்பது குற்றம்" என்று எழுதினால் வம்பு இல்லை.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள் தொழிற்பெயரில் ஆரம்பித்தால் போதும். ஜெரண்ட் தானாக வந்துவிடும்.