கேரியர் இல்லாத சைக்கிள்

அப்பாவின் சைக்கிள் கறுப்பு ஹெர்குலிஸ். தாலுகா ஆபீசில் சைக்கிள் அட்வான்ஸ் போட்டு வாங்கியது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். முன்பாரில் துண்டைச் சுற்றி அதில் நான். கேரியரில் அம்மா, அவள் மடியில் தங்கை. புதுக்கோட்டை கடைத்தெருவில் டபுள்ஸ் போனாலே போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயம். முக்கு வந்ததும் அம்மா இறங்கி நடப்பாள், தாண்டியதும் ஏறிக்கொள்வாள்.

என் சைக்கிள் அலுமினியம். 62,000 ரூபாய், கிரெடிட் கார்டில் 12 தவணை. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை. சுவரில்தான் சாய்த்துவைக்க வேண்டும். "எடையைக் குறைக்கிறேன்னு குடும்பத்தையும் கழட்டி வெச்சுட்டாங்க" என்பாள் என் மனைவி.

அப்பாவுக்கும் வெளியில் திரியும் ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கேரியரில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடுவார். மயிலிறகுத் தண்டுதான் தக்கை. கொல்லையில் தோண்டிய மண்புழு இரை. மொத்தச் செலவு தூண்டில் முள்ளும் நரம்பும்தான். பத்து மணிக்கு நாலு கெளுத்தியோடு வந்தால், அது பொழுதுபோக்கா மதியக் குழம்பா என்று யாரும் கேட்கவில்லை. செலவு இல்லை, வரவு மீன். அந்தக் காலத்து ஆண்கள் எவ்வளவு சிக்கனமாகச் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கெளுத்தியைச் சாம்பல் தொட்டு ஆய்ந்தது யார்? அப்பா திண்ணையில் சாய்ந்துவிடுவார். அம்மாவின் ஞாயிறு அடுக்களையில் கழியும். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1991-92இல் எங்கள் மாவட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்பது அன்றைய கணக்கு. லேடீஸ் சைக்கிள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி எடுத்தார்கள், முன்பாரில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று. அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஹெர்குலிஸில்தான் பழகினாள். முழங்கையில் ஒரு மாதம் சிராய்ப்பு.

அதன்பின் அரிசி திரிக்க அவளே போவாள். மாவு மில் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. அவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். மாவுத் தூக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரை முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறாள். நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'வேலையில்லாத வேலை' ஆகியிருக்கும்.

இன்று எனக்கு எந்தச் சாக்கும் தேவையில்லை. ஞாயிறு நாலரைக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவேன். தலைக்கவசம், பஞ்சு வைத்த கால்சட்டை, பின்விளக்கு, கைபேசித் தாங்கி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பஞ்சர்கூட நானே ஒட்டப் பழகிவிட்டேன்.  சைக்கிள் விலையை வீட்டில் 40,000 என்றுதான் சொல்லியிருந்தேன். மனைவி வங்கியில் வேலை பார்ப்பவள் என்பது கார்டு கணக்கு வரும்வரை நினைவில் இல்லை. அப்பாவின் கடனை வீடே அறியும். சம்பளக் கவர் நேராக அம்மா கைக்கு வந்தது.

பிறகு பிரெவே பைத்தியம் பிடித்தது. பிரான்சில் வேர்விட்ட நெடுந்தூர சைக்கிள் ஓட்ட வழக்கம் இது. பந்தயம் அல்ல, முதலிடம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ரேண்டனர் என்ற பட்டம். நாலு வருடத்துக்கொரு முறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அங்கே போகும் விமானச் செலவைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

200ஐ முடித்துவிட்டு வந்த இரவு, அடுத்த மூன்றையும் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு நான்கையும் கூட்டினாள்.

"நூறரை மணி நேரம். பிராக்டீஸ், மறுநாள் தூக்கமெல்லாம் சேர்க்கல."

"ம்..."

"காசு போகட்டுங்க, தவணை முடிஞ்சிரும். இதுல பாதி நேரம் எனக்குக் குடுங்க, போதும்."

எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நீங்க எதுக்குப் போறீங்கன்னு நான் கேட்டனா?" என்றாள்.

அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாள். நான் மகளை எழுப்பி, தலை பின்னி, தோசை ஊற்றுகிறேன். இரட்டைப் பின்னல் இன்னும் கோணலாகத்தான் வருகிறது. ஐம்பதேகால் மணி நேரத்தில் இதுவரை பதினொன்று கழிந்திருக்கிறது. 300க்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை.